பிரேக் அக்காவும் மாப்பிள்ளையும்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தாள். ஒரே வண்டி, ஒரே வாத்தியார். அலுவலகம் என்று பார்த்தால் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையும், சாலை அடையாளங்கள் அச்சடித்த ஒரு படமும்தான். வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அவள் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கும் முன்னாலும் "பிரேக்" என்பாள், மிதித்த பிறகும் "பிரேக்" என்பாள். அப்படித்தான் பிரேக் அக்கா ஆனாள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவள் கணவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மெல்லப் பேசுகிற மனிதர். வீட்டில் பேச்சுத் துறை முழுக்க அவள் பொறுப்பில் இருந்ததால் அவருக்கு அதில் பெரிய வேலையும் இருக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவருக்கும் அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். லைசென்சும் வாங்கினார். வாங்கிய மறுநாள் சொந்த வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்தார். அன்றோடு சாவியைத் தொடுவதில்லை. எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், அவர் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவார்.

ஒரு நாள் காலைப் பாடம் ஒரு வங்கி ஊழியைக்கு. சேர்ந்த நாளிலிருந்து அக்காவிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்தான். முக்கியச் சாலைக்கு அவளை இன்னும் கூட்டிப்போகவில்லை, கிளைத் தெருக்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு முக்கில் எந்தப் பக்கம் திரும்ப என்று கேட்டாள். பதில் வரவில்லை. திட்டாவது வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்காவின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

அந்தப் பெண் கத்தவில்லை. இண்டிகேட்டர் போட்டாள், ஓரம் கட்டினாள், ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். வரத் தாமதமாகும் என்றார்கள். அக்காவின் சீட் பெல்ட்டை இறுக்கிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, கியர் போட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக முக்கியச் சாலையில் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிக்கொண்டு போய் ஒழுங்காக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான் அழுதாள்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, பக்கவாதம் என்றார் டாக்டர். உடனே கொண்டுவந்ததால் அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுக்க முடிந்தது. உயிருக்குப் பயமில்லை, பேச்சு வந்துவிடும், கை தேறிவிடும், வலது காலைப் பற்றி மட்டும் இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்.

முதலில் திரும்பியது பேச்சுதான். ஸ்கேன் எடுப்பதற்காக ஊழியர் ஒருவர் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். நடைக்கூடத்தின் முனையில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பினார். நாற்காலியிலிருந்து ஒரு குரல், "பிகேக்" என்றது. ஊழியருக்குப் புரியவில்லை. கூடவே ஓடிவந்த கணவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்.

பேச்சு நேரானதும் அவளை ஊரின் மறுகோடியில் இருந்த மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அந்த இயந்திரம் இருந்தது.

பார்த்தால் பெரிய ஊஞ்சல் சட்டம் மாதிரி இருக்கும். மேலிருந்து தொங்கும் பட்டைகளில் ஆளை நிற்கவைத்துக் கட்டுவார்கள். இரண்டு கால்களுக்கும் வெளிப்பக்கமாக இரும்புக் கால்கள், இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார். காலடியில் ஓடும் பட்டை. பொத்தானை அழுத்தினால் இரும்புக் கால் மடங்கி நீளும், அதோடு கட்டப்பட்ட மனிதக் காலும் மடங்கி நீளும். ஆள் நடப்பார். இதைப் பூட்டிக் கழற்றுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். அது தயாராகும்வரை எல்லோரும் கைகட்டி நிற்க வேண்டும், நடுவில் கோபம் வந்தால் சத்தம் போட்டுக்கொண்டு நின்றுவிடும், சமாதானப்படுத்த இரண்டு பேர் வர வேண்டும். இந்த லட்சணங்களை எல்லாம் பார்த்துவிட்டு முன்பே வந்துகொண்டிருந்த நோயாளிகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். "மாப்பிள்ளை இன்னிக்கு எப்படி, நல்ல மூடா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள்.

மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். ஒல்லியாக இருப்பாள். பெரிய பெரிய ஆட்களை எல்லாம் அலட்டிக்கொள்ளாமல் தூக்கி நிறுத்துவாள்.

முதல் நாள் பட்டையில் தொங்கிக்கொண்டு தன் வலது கால் முன்னே போவதைப் பார்த்தாள் அக்கா. எதிரே கண்ணாடி இருந்தது. அதில் நிமிர்ந்து நடந்து வந்தவள் அவளேதான். அன்று மாலை வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "நான் நடந்துட்டேன்டி" என்றாள். அடுத்தடுத்த வாரங்களில் உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

சிக்கல் போக்குவரத்தில்தான் வந்தது. டாக்சியில்தான் போய்வந்தார்கள். ஒரு டிரைவர் போனில் பேசிக்கொண்டே ஓட்டினார், அவரை அவள் பாதி வழியில் நிறுத்தி வகுப்பெடுத்தாள். இன்னொருவர் இண்டிகேட்டர் போடுவதையே தன் மதிப்புக்குக் குறைவாக நினைத்தார். அவரோடு ஆரம்பித்த வாக்குவாதம் மைய வாசலில் இறங்கிய பிறகும் தொடர்ந்தது. மூன்றாமவர் சாது. ஆனால் கியரை மாற்றாமலே மேட்டில் ஏற்றினார். எஞ்சின் முனகுவதைக் கேட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. கொஞ்ச நாளில் அந்த விலாசத்தைக் கேட்டாலே டாக்சிக்காரர்கள் வண்டி இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நானே ஓட்டிரலாம்னு இருக்கேன்" என்றார்.

"எதை?"

"வண்டிய."

அவள் இடது கையில் பிடித்திருந்த கரண்டி அப்படியே நின்றது. அவர் பிடிவாதக்காரர் இல்லை. அதனாலேயே அவர் ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் அதை மறுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லாமல் போயிருந்தது.

காய்கறிச் சந்தைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் மைதானம். விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும். அங்கே போய்ப் பழகினார்கள். ஓட்டிக்கொண்டு போனது வங்கி ஊழியை. இதற்குள் அவள் லைசென்சே வாங்கியிருந்தாள். மைதானத்தில் இறங்கி, இந்தக் குடும்ப விஷயத்தில் நான் எதற்கு என்று ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா வழக்கமான பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். காலடியில் இரண்டாவது பிரேக் இருந்தது. மிதிக்க வேண்டிய வலது கால் மரக்கட்டையாக இருந்தது. பல வருஷம் தைரியமாக ஊரைச் சுற்றியவள் அந்தக் காலி மைதானத்தில் பயந்தாள். பயத்தை எல்லாம் வாய் வழியாக வெளியேற்றினாள். கிளட்ச்சை ஏன் பட்டென்று விட்டீர்கள், பார்வை எங்கே, கையில் என்ன நடுக்கம், இதென்ன ஸ்டீயரிங்கா இல்லை தண்ணீர்க் குடமா, அப்படிக் கட்டிப்பிடிக்கிறீர்களே என்று ஓயாமல் பொழிந்தாள். வண்டி ஆஃப் ஆகி ஆஃப் ஆகி நின்றது. கடைசியில் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மாப்பிள்ளை உன்னத் திட்டுதா?"

"அது மெஷினுங்க."

"திட்டாமத்தான உன்ன நடக்க வைக்குது?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் இடது, வலது, நேராக என்ற மூன்று வார்த்தைகள்தான். வண்டி ஓடியது. மாட்டு வண்டி வேகம்தான். ஆனாலும் மைதானத்தை முழுக்கச் சுற்றி வந்தது. மரத்தடியிலிருந்து வங்கி ஊழியை கைதட்டினாள்.

கொஞ்ச நாளில் அவரே அவளை மையத்துக்கு ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். சைக்கிள்கள் அவர்களை முந்திக்கொண்டு போயின. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவள் பொருட்படுத்தினாள், வெளியே சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளையின் குட்டு வெளிப்பட்டது. இயந்திரத்துக்கு ஒரு திரை உண்டு. அதில் நீலத்தில் ஒரு கோடும் பச்சையில் ஒரு கோடும் ஏறி இறங்கும். அழகுக்காகத்தான் இருக்கும் என்று அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தாள். பேச்சுவாக்கில் அது என்ன என்று கேட்டாள். நீலம் மெஷின் போடும் பலம், பச்சை அவள் போடும் பலம் என்று விளக்கினாள் பிசியோ பெண். அக்கா திரையைப் பார்த்தாள். நீலம் மாடிவரை நின்றது. பச்சை வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை.

"அப்போ நான் நடக்கலையா?"

பிசியோ பெண் மழுப்பவில்லை. "இதுவரைக்கும் அது நடக்குதுக்கா. நீங்க கூடப் போறீங்க. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கணும், காலுக்கு நடைய ஞாபகப்படுத்தணும்ல. ஆனா இப்ப நீங்க அது மேல சாஞ்சுக்கிட்டீங்க."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எத்தனை பேருக்குப் போன் போட்டுப் பெருமையடித்திருக்கிறோம் என்று நினைத்தாள். தான் வாத்தியார் இருக்கையில் உட்கார்ந்திருந்த நாட்களும் நினைவுக்கு வந்தன. வாத்தியாரின் பிரேக்கை நம்பி, தன் காலைச் சும்மா வைத்துக்கொண்டு, நான்தான் ஓட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மாணவர்கள் அவளிடம் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களை என்ன பாடு படுத்தியிருக்கிறாள்.

மறுதடவை வந்ததும் பட்டை கட்டும்போதே சொல்லிவிட்டாள். "அந்த நீலத்தைக் குறைம்மா. விழுந்தா விழறேன்."

"விழ முடியாதுக்கா, கட்டித்தான வெச்சிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே அவள் குறைத்தாள்.

அன்றிலிருந்து நடை அசிங்கமாயிற்று. முன்பு கண்ணாடியில் ராஜநடை போட்டவள் இப்போது தட்டுத்தடுமாறினாள். கால் பின்தங்கும், விரல் ஓடும் பட்டையில் உரசும், மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பீப் பீப் என்று கத்தி நின்றுவிடும். வியர்வையில் ஜாக்கெட் நனைந்து முதுகில் ஒட்டும். பக்கத்தில் கைப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் ஒத்துப்போகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். பச்சைக் கோடு மட்டும் படி தாண்டி, மெல்ல மாடிப்படியில் ஏற ஆரம்பித்தது. சில நாள் ஏறும், சில நாள் இறங்கும். இறங்கிய நாளில் கணவர் வண்டியில் எதுவும் கேட்க மாட்டார். பாட்டுப் பெட்டியை மட்டும் போட்டுவிடுவார்.

ஒரு நாள் மையத்துக்குப் போகும் வழியில் பெரிய சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்தது. கணவர் இப்போதெல்லாம் ஓரளவு தேறியிருந்தார். கிளட்ச்சை அழகாக விட்டு வண்டியை நகர்த்தினார். பக்கத்துச் சாலையில் ஒரு வேன் கொஞ்சம் முன்னே வந்து நின்றது. அவ்வளவுதான், கார் குலுங்கி நடுச் சந்தியில் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. அன்று உயர்ந்தது.

"அவன் நின்னுட்டுத்தான இருந்தான்? நான் சரியாத்தான போனேன்? எதுக்குப் போட்ட?"

"எதைப் போட்டேன்?"

"பிரேக்க."

இருவரும் ஒரே நேரத்தில் கீழே குனிந்து பார்த்தார்கள். வலது பாதம் பிரேக் மேல் இருந்தது. செருப்பு நழுவிப்போய்க் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் மேலே இருந்தது, அழுத்திக்கொண்டும் இருந்தது. அவள் எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினாள். ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஒருவர் தலையை வெளியே நீட்டி, வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்றார். கணவர் ஜன்னலை இறக்கி அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்த ஆள் குழம்பிப்போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மையத்துக்குப் போனதும் கணவர்தான் முந்திக்கொண்டு கதையைச் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பிசியோ பெண் குனிந்து தன் உள்ளங்கையைப் பாதத்தின் அடியில் வைத்து மிதிக்கச் சொன்னாள். மெல்லிய அழுத்தம் ஒன்று வந்தது. அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளதைச் சொன்னாள். மிதிப்பது முதலில் வந்துவிடும், நடப்பதற்கு வேண்டியது பாதத்தைத் தூக்குவது, கஷ்டம் அதில்தான் இருக்கிறது என்றாள்.

"அதான் எல்லாருக்கும் கஷ்டம்" என்றாள் அக்கா. "கிளட்ச்ச மிதிக்க எவனும் திணறினதில்ல. விடும்போதுதான் வண்டி நிக்கும்."

தூக்குவதற்கு இரண்டு பருவம் ஆயிற்று. மழை வந்தது, போனது. பாதம் சுண்டுவிரல் அளவு மேலே வர, மாப்பிள்ளை தன் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. அவளுக்கும் அதற்கும் ஒரு சமரசம் உண்டாகியிருந்தது. உள்ளே நுழைந்ததும் அதன் இரும்பு முழங்காலில் தட்டிக்கொடுப்பாள்.

பிறகு ஒரு நாள் பிசியோ பெண் பட்டையை எடுக்கவில்லை. மாப்பிள்ளையோடு இவ்வளவு போதும், இனி தரையில் என்றாள். அறையின் அந்தப் பக்கம் இரண்டு நீளக் கம்பிகள், இடுப்பு உயரத்தில், நடுவே சாதாரணத் தரை. அவ்வளவுதான். மேலிருந்து பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அக்கா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதல் அடி எடுக்கப் போனவள், தரையைப் பார்த்தாள். அது ரொம்பத் தூரத்தில் இருந்தது. உட்கார்ந்துவிட்டாள். இன்று வேண்டாம் என்றாள். மறுதடவை தலைவலி என்றாள். அதற்கடுத்த தடவை வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. மாப்பிள்ளையிலேயே கட்டிவிடச் சொல்லுங்கள், அதுதான் எனக்கு ஒத்துவருகிறது என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் தினம் பயமாத்தான் இருக்கு" என்றார்.

"உங்களுக்கென்ன பயம்?"

"வண்டிய எடுக்கும்போது. ஒவ்வொரு தடவையும். வீட்லருந்து முக்கு திரும்பற வரைக்கும் கை வேர்க்கும். ஸ்டீயரிங்க துடைச்சுக்கிட்டே இருப்பேனே, தூசின்னு நினைச்சியா?"

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். ஒரு வாத்தியாராக அதைக் கவனிக்காமல் விட்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்புறம் எப்படி ஓட்டறீங்க?"

"பயம் போகட்டும், அப்புறம் ஓட்டலாம்னு இத்தனை வருஷம் பாத்தேன். போகல. சரி, அதுவும் வண்டியில வரட்டும்னு விட்டுட்டேன்."

அவள் செருப்பை எடுத்துப் போடச் சொன்னாள்.

அன்று தாமதமாகத்தான் போனார்கள். மாப்பிள்ளையில் தபால்காரரின் அண்ணன் தொங்கிக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கம்பிகளுக்கு நடுவே நின்றாள். பிசியோ பெண் பின்னால் இடுப்புப் பட்டியைப் பிடித்திருந்தாள், கணவர் எதிரே கம்பியின் மறுமுனையில் நின்றார். உற்சாகப்படுத்தவில்லை. பழகிய மாதிரி கையை மட்டும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வலது பாதம் தரையை விட்டு எழுந்தது. எழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் இறங்கியது. மாப்பிள்ளை வைக்கும் அடிபோல அழகாக இல்லை. கதவை இழுத்துச் சாத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. இடது கால் ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டது. மறுபடியும் வலது. கம்பியின் பாதி தூரம் வந்து நின்று, மூச்சு வாங்கினாள். திரையும் இல்லை, பச்சையும் நீலமும் இல்லை. இது யார் பலம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நிறுத்திக்கலாமாக்கா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாதி ரோட்ல யாராவது நிறுத்துவாங்களா?" என்று சொல்லிவிட்டு மீதியையும் நடந்தாள்.

பழையபடி முழுக்க ஆகிவிடவில்லை. கையில் ஊன்றுகோல் இருக்கிறது, கணுக்காலில் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. சாயங்காலமானால் வலது கால் முரண்டு பிடிக்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போட டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. அதற்காக ஸ்கூலை மூடவில்லை. வேறொரு பெண்ணை வாத்தியாராக வைத்தாள். அவள் பக்கத்து இருக்கையில், இவள் பின்சீட்டில். ஓட்டுகிறவருக்கு ஒரு திட்டு விழுந்தால் புது வாத்தியாருக்கு ஒன்றரை விழும். ஆனாலும் சேருகிறவர்கள் குறையவில்லை.

கோடை விடுமுறையில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைப் பயணம், கணவருக்கு அது முதல் தடவை. லாரிகளுக்கு நடுவே அவர் நிதானமாக ஓட்டினார். கொஞ்ச தூரம் அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு இடைவெளி விட்டுப் பேசினாள். பிறகு சத்தமே இல்லை. கணவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அவள் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, நல்ல குறட்டை வந்துகொண்டிருந்தது. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

மகளின் தெரு வந்தது. வாசலில் மகள் ஓடிவந்து நின்றாள். கார் வேகத்தைக் குறைத்தது. நிற்கப்போகிறது என்று அவள் கேட்டைத் திறந்தாள். அது நிற்காமல் அவளைத் தாண்டிப் போயிற்று. அப்பாவுக்கு வீடு மறந்துவிட்டதோ என்று தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி, அடுத்த தெரு வழியாகச் சுற்றி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அப்பா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இன்னொரு கை விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, இன்னொரு சுற்றுக்குப் போனார்.